மழைக்கு முன் மாடியைப் பாருங்கள்: கூரை வாய்க்கால், மழைநீர்க் குழாய் பற்றிய வாசகர் கேள்விகள்

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி கூரையைப் பற்றியவையாக மாறிவிடும். சென்னையில் 'கட்டர்' என்ற ஒரே சொல்லால் ஒருவர் ஷீட் கூரையின் விளிம்பில் ஓடும் தகர வாய்க்காலைக் குறிப்பிடுகிறார், இன்னொருவர் தெருச் சாக்கடையைக் குறிப்பிடுகிறார். ஆகவே இங்கே நான் கூரை வாய்க்கால் என்றால் மேலே இருப்பதையும், மழைநீர்க் குழாய் என்றால் மாடியிலிருந்து சுவரோரமாகக் கீழே இறங்குவதையும் புரிந்துகொள்ளுங்கள். கட்டடப் பராமரிப்புப் பொறியாளன் என்ற முறையில் இம்முறை வந்தவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு விடை எழுதுகிறேன்.

நங்கநல்லூர் வாசகர்: எங்கள் வாசலில் ஒரு வேம்பும், பக்கத்து மனையில் ஒரு பாதாம் மரமும் இருக்கின்றன. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்களை ஆண்டுக்கு எத்தனை முறை சுத்தம் செய்ய வேண்டும்? தீபாவளிக்கு முன் ஒரு முறை செய்தால் போதும் என்கிறார் என் மைத்துனர்.

தங்கள் மைத்துனரின் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. தீபாவளி ஐப்பசியில் வருவது. வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. தீபாவளியன்று குடை பிடித்துக்கொண்டு மத்தாப்பு கொளுத்தாத சென்னைக் குடும்பம் ஏது? மேலும், நம் நகரின் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் மாலை இடிமழையாகப் பெய்துவிடுகிறது. அந்த மழை அரை மணி நேரம்தான் நீடிக்கும் என்றாலும், வேகத்தில் நவம்பர் மழைக்குக் குறைந்ததன்று.

மரத்தைப் பார்த்துத்தான் நாளைக் குறிக்க வேண்டும். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். பின்னர் பூவும் பழமுமாகக் கோடை முழுவதும் கொட்டிக்கொண்டிருக்கும். பாதாம் ஆண்டுக்கு இரண்டு முறை உதிர்க்கக்கூடியது. அதன் ஒரே ஓர் இலை போதும், தட்டுப்போல் விழுந்து 4 அங்குலக் குழாயின் வாயை மூடிவிடும். இந்த இரண்டைக் காட்டிலும் என்னைக் கவலைப்படுத்துவது தெருவோரப் பெருங்கொன்றைதான். அதன் பொடி இலைகளும் மஞ்சள் இதழ்களும் எந்தச் சல்லடையிலும் புகுந்து, குழாயின் வளைவில் களிமண்போல் படிந்துவிடுகின்றன.

ஆகவே ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு முறை, செப்டம்பர் நடுவில் ஒரு முறை, பருவமழையின் முதல் பெரிய மழை ஓய்ந்த மறுநாள் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கோடை முழுவதும் தளத்தில் சேர்ந்த தூசி, பெயர்ந்த சிமெண்டுத் துகள், துணி உலர்த்தும் கிளிப், பறந்து வந்த பிளாஸ்டிக் பை ஆகிய அனைத்தையும் அந்த முதல் மழைதான் அடித்துக்கொண்டு வந்து குழாயின் வாயில் சேர்க்கிறது. தீபாவளியன்று மாடியில் பட்டாசு வெடிப்பவர்கள் அன்றைய குப்பையை அன்றே கூட்டிவிட வேண்டும். நனைந்த பட்டாசுக் காகிதம் கூழாகி அடைத்தால் கம்பி விட்டும் எளிதில் எடுக்க முடியாது.

சுத்தம் செய்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் குழாயின் வாயில் ஊற்றுங்கள். கீழே ஒருவர் நின்று பார்க்கட்டும். தண்ணீர் உடனே மொத்தமாக வந்து விழுந்தால் சரி. தயங்கித் தயங்கி வந்தாலோ, மேலே குமிழியிட்டாலோ, வளைவில் இன்னும் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

பெரம்பூர் வாசகி: எங்கள் வீட்டு முன்புறத்தில் கார் நிறுத்தும் ஷீட் கூரை இருக்கிறது. அதன் விளிம்பு வாய்க்காலை 68 வயதான என் அப்பாதான் மூங்கில் ஏணி போட்டு ஏறிச் சுத்தம் செய்கிறார். ஆள் வைக்கலாம் என்றால் கேட்பதில்லை. அவர் பாதுகாப்பாகச் செய்ய என்ன வழி?

முதலில் ஏறாமலே முடிக்க முடியுமா என்று பாருங்கள் அம்மா. பத்தடி உயரக் கூரைக்குப் பெரும்பாலும் முடியும். முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை எடுத்து, அதன் நுனியில் இரண்டு எல்போக்களைப் பொருத்திக் கைத்தடியின் பிடியைப்போல் வளையச் செய்து, அடிப்பக்கத்தைத் தோட்டத்துக் குழாயுடன் இணைத்துவிட்டால், தரையில் நின்றபடியே வாய்க்காலுக்குள் தண்ணீரைப் பீய்ச்சலாம். இறங்கு குழாயின் எதிர்முனையிலிருந்து தொடங்கி அதை நோக்கித் தள்ள வேண்டும். காய்ந்து இறுகிய மண்ணாக இருந்தால் முதல் நாள் மாலையே நனைத்து ஊறவிட்டால் மறுநாள் எளிதில் கரையும். கண்ணாடி அணிவது அவசியம். மேலிருந்து வரும் சகதி நேராக முகத்தில்தான் விழும். இப்படி ஒரு கருவியைச் செய்து கொடுத்துவிட்டால் அப்பாவின் கௌரவத்துக்கும் குறை வராது.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த மூங்கில் ஏணியை முதலில் ஓய்வுபெறச் செய்யுங்கள். மூங்கில் உள்ளுக்குள் பூச்சி அரித்திருப்பதும், கயிறு வெயிலில் இற்றிருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. நல்ல ஏணியைச் சாய்க்கும்போது, நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் அதன் அடிப்பகுதி சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அதாவது ஏணி 12 அடி உயரத்தில் சாய்கிறது என்றால் அடி 3 அடி தள்ளி இருக்கும். அதற்கும் நெருக்கமாக வைத்தால் ஆள் பின்புறமாகச் சாய்வார், அதிகமாகத் தள்ளினால் ஏணி வழுக்கும். வாய்க்காலின் மீதே ஏணியைச் சாய்ப்பது மிகப் பொதுவான தவறு. அது தண்ணீரைத் தாங்கச் செய்யப்பட்டதே தவிர மனிதரைத் தாங்க அன்று; பி.வி.சி.யாக இருந்தால் உடையும், தகரமாக இருந்தால் நசுங்கிப் பக்கவாட்டில் நழுவும். தூணின் மீதோ சுவரின் மீதோ சாய்த்து, மேல்முனையைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். ரப்பர் செருப்புடனோ வேட்டியைத் தொங்கவிட்டபடியோ ஏறக்கூடாது. கை எட்டாத இடத்துக்கு உடலை வளைக்காமல், இறங்கி ஏணியை நகர்த்த வேண்டும். இடுப்பு ஏணியின் இரு கால்களுக்கு நடுவிலேயே இருந்தால் போதும் என்பது எளிய அடையாளம். ஓர் ஆள் கீழே ஏணியைப் பிடித்தபடியே நிற்க வேண்டும், கைபேசியைப் பார்த்துக்கொண்டு அன்று.

மின்சாரக் கம்பி அருகில் செல்கிறதா என்று பார்ப்பது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் பல இடங்களில் இத்தகைய கூரையின் தலைமேல்தான் போகிறது. அதன் உறை வெயிலில் வெடித்திருக்கலாம். அங்கே அலுமினிய ஏணியைத் தூக்கி நிறுத்தும் அந்தச் சில நொடிகள்தான் ஆபத்தானவை. உறை பிய்ந்த ஒயரைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டு மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்ணான 94987 94987-ஐ அழையுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலையை அண்ணாந்து பார்த்தால் சுற்றல் வரக்கூடும். அப்பா அத்தகையவர் என்றால் ஏணியைப் பற்றிய விவாதமே வேண்டாம். அவர் கீழே நின்று மேற்பார்வை செய்யட்டும், ஆள் வைத்துச் செய்யுங்கள்.

கொளத்தூர் வாசகர்: எங்கள் வீட்டு மாடியில் பழைய சிமெண்டு ஷீட் போட்ட அறை இருக்கிறது. அதன் மீது நடந்து சென்று மறுபக்க வாய்க்காலைச் சுத்தம் செய்யலாமா?

செய்யக்கூடாது. ஆணி வரிசையின் மீது காலை வைத்தால் தாங்கும் என்று யாரேனும் சொன்னாலும் கேட்காதீர்கள். வெயிலும் மழையும் பட்டு வயதான ஷீட் எந்த முன்னறிவிப்பும் இன்றி உடையும். வெளிச்சத்துக்காக நடுவில் போட்டிருக்கும் ஃபைபர் ஷீட் தூசி படிந்து மற்றவற்றைப்போலவே தெரியும் என்பதால் அது இன்னும் மோசம். பழைய சிமெண்டு ஷீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும் என்பதை மனத்தில் கொண்டு, அதைக் கம்பித் தூரிகையால் உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் அறுப்பதும் துளையிடுவதும் கூடாது; அந்த இழைத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். மறுபக்கத்துக்குத் தனியாக ஏணி வைக்க இடமில்லை என்றால், அந்த வாய்க்காலையே எடுத்துவிட்டுத் தண்ணீர் மாடித் தளத்தில் நேராக விழும்படி விட்டுவிடலாம். மாடியின் மீதுள்ள அறைக்குக் கூரை வாய்க்கால் பெரும்பாலும் தேவையே இல்லை.

வேளச்சேரி அடுக்கக வாசகர்: பெருமழையில் எங்கள் மொட்டை மாடியில் அரை அடிக்குத் தண்ணீர் நிற்கிறது, தரைத்தளக் கழிப்பறையிலோ கழிவுநீர் மேலே வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? மாடிப் பரப்பு 2,000 சதுர அடி. 4 அங்குலக் குழாய் இரண்டு இருக்கின்றன.

தொடர்பு இருக்கிறது என்றே சந்தேகிக்கிறேன். எவரோ ஒருவர் எப்போதோ செலவைக் குறைக்க மழைநீர்க் குழாயை, கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட கழிவுநீர் அறையில் இணைத்திருப்பார். மழையில்லாத நாளில் மாடியில் இரண்டு குடம் தண்ணீரில் சிறிது மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றி, கழிவுநீர் அறையின் மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். மழைநீரைக் கழிவுநீர் இணைப்பில் விடுவதற்கு அனுமதி கிடையாது. தெருவெல்லாம் இப்படிச் செய்யும்போது கழிவுநீர்க் குழாய் நிரம்பி, தாழ்வான வீட்டின் கழிப்பறை வழியாகத்தான் வெளியேறும். வேளச்சேரியில் தாழ்வான வீடு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இணைப்பைத் துண்டித்து, மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குத் திருப்புங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம்.

அந்த வேலையின்போது கழிவுநீர் அறைக்குள் எவரையும் இறக்கக்கூடாது. நாலடி ஆழம்தானே என்று இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்கள் இந்த நகரில் உண்டு. கழிவுநீர்க் குழாயையும் கழிவுநீர்த் தொட்டியையும் பாதுகாப்பின்றி ஆளைக் கொண்டு சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆளை இறக்கிய அடுக்ககச் சங்கத்தின் மீதே வழக்கு வரும்.

இனி மாடிக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி ஏறத்தாழ 186 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால் ஒரு நிமிடத்துக்கு 310 லிட்டர் இறங்கியாக வேண்டும். அந்த வேகத்துக்கு ஒரு 4 அங்குலக் குழாய்க்கு ஏறத்தாழ 40 சதுர மீட்டர் பரப்பைத்தான் ஒப்படைக்கலாம் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. அதன்படி உங்களுக்கு ஐந்து குழாய்கள் வேண்டும். ஆகவே எவ்வளவுதான் சுத்தம் செய்தாலும் உங்கள் மாடியில் தண்ணீர் தேங்கவே செய்யும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. உங்கள் மாடியில் அது பெய்திருந்தால் 91,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரை அடித் தண்ணீர் என்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ. மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் கூடுதல் சுமையும் ஏறத்தாழ அதே 150 கிலோதான். எல்லை வரை வந்துவிட்டீர்கள். கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம் இருக்கும்போது, குழாய் அடைத்துக்கொண்டால் மொட்டை மாடி ஒரு நீச்சல் குளமாகிவிடுகிறது. அதனால் குழாய்களை அதிகப்படுத்துவதோடு, தளத்திலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் கைப்பிடிச் சுவரைத் துளைத்து நான்கு பக்கமும் வழிந்தோடும் ஸ்பவுட் வைத்துவிடுங்கள். அதன் வழியாகத் தண்ணீர் தெருவில் விழுவதைப் பார்த்தாலே காவலாளிக்குக் குழாய் அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், இந்த ஊரில் ஸ்பவுட் இல்லாத மாடிக்கு வரைபட அனுமதியே தரக்கூடாது.

மயிலாப்பூர் வாசகி: நூறு ஆண்டு பழைய ஓட்டு வீடு. முற்றத்தைச் சுற்றியுள்ள தகர வாய்க்கால் மூலைகளில் ஒழுகித் தாழ்வாரம் நனைகிறது. மாற்றிவிடலாமா, சரிசெய்யலாமா?

மூலையில் ஒழுகுவதற்கு மூலை காரணமாக இருக்க வேண்டியதில்லை. வாய்க்காலைத் தாங்கும் கொக்கிகளில் ஒன்று தளர்ந்து நடுவில் தொய்வு விழுந்திருக்கும். அங்கே சேறு தங்கும். தண்ணீர் போக வழியின்றி மூலையின் பற்றவைப்பு வழியே கசியும். ஒரு நூலை இரு முனைகளுக்கும் கட்டிப் பாருங்கள். பத்தடி நீளத்துக்கு அரை அங்குலம் என்ற அளவில் இறங்கு குழாயை நோக்கிச் சரிவு இருந்தால் போதும். அதிகச் சரிவு பார்வைக்கும் அசிங்கம். கொக்கிகளை இரண்டிரண்டு அடிக்கு ஒன்றாக்கி மட்டத்தைச் சரிசெய்த பின்பும் ஒழுகினால், அப்போது தகரத்தைப் பாருங்கள். ஓரிரண்டு துளைகள் என்றால் துருவைத் தேய்த்து, ஒட்டுப் போட்டு, உட்புறத்தில் துருத்தடுப்புப் பூச்சு அடித்துக்கொள்ளலாம். விரலால் அழுத்தினால் உதிரும் அளவுக்குப் போயிருந்தால் மாற்றுவதே சிக்கனம்.

முற்றத்தின் தரையில் ஏணியை விரித்து நிறுத்தி அனைத்தையும் செய்யலாம். ஓட்டின் மீது ஏற வேண்டாம். மங்களூர் ஓடு உடைந்தால் அதே அளவில் இன்று கிடைப்பது அரிது, விழுந்தால் எலும்பும் அப்படித்தான். துருப்பிடித்த தகர விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் தோல் கையுறை அணிந்து, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்கடியில் குளவிக்கூடு இருக்கிறதா என்று கீழிருந்தே நன்றாகப் பார்த்த பிறகுதான் ஏணியில் காலை வைக்க வேண்டும். ஏணி மேலிருப்பவருக்குக் குளவியிடமிருந்து ஓட இடம் கிடையாது.

அம்பத்தூர் வாசகர்: ஆசிட் ஊற்றினால் குழாய் அடைப்பு கரையுமா?

மழைநீர்க் குழாயில் அடைப்பது இலை, மண், சிமெண்டு. இவற்றில் இலையும் மண்ணும் ஆசிட்டில் கரைவதில்லை. பிளம்பர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிங் கம்பியைக் கீழிருந்து மேலாகச் சுழற்றி விடுவதே முறை. ஆசிட் உங்கள் கிணற்றுக்குத்தான் போகும். பாசி போகப் பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரால் மாடியைக் கழுவும் நாளில், அந்தத் தண்ணீரும் அடுத்த முதல் மழையும் சேகரிப்புக் கிணற்றுக்குப் போகாமல் வால்வைத் திருப்பி வெளியே விட்டுவிடுங்கள்.

அடையாறு வாசகி: குழாயின் வாயில் வலை வைத்தால் சுத்தம் செய்யும் வேலை மிச்சமாகுமா? புறாத் தொல்லையும் இருக்கிறது.

வேலை மிச்சமாகாது, இடம் மாறும். தட்டையான ஜாலியின் மீது நான்கு இலைகள் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் முற்றிலும் நின்றுவிடும். கவிழ்த்த கிண்ணம்போல் மேலெழும்பிய கூண்டு வடிவ ஜாலியை வாங்குங்கள். அடியில் இலை சேர்ந்தாலும் மேற்புறத் துளைகள் வழியே தண்ணீர் இறங்கும். கொசு வலையை மட்டும் கட்டாதீர்கள்.

புறா எச்சத்தைக் காய்ந்த நிலையில் கூட்டக்கூடாது. அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து வழித்தெடுத்துப் பையில் கட்டுங்கள். வீட்டில் எலி நடமாட்டம் இருந்தால் வாய்க்கால் சேற்றை வெறுங்கையால் தொடுவதும் ஆபத்தே. எலிக்காய்ச்சல் கிருமி கைப்புண் வழியாகப் புகும். தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் ஆகும் என்பதால், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை தேங்கிய இடங்களைப் பார்ப்பது அவசியம்.

முகப்பேர் வாசகர்: மூன்றாவது மாடி உயரத்தில் மழைநீர்க் குழாயின் இணைப்பில் அரசமரக் கன்று முளைத்திருக்கிறது. கயிறு கட்டி இறங்கி வெட்டித் தருவதாக ஒருவர் மிகக் குறைந்த கூலி கேட்கிறார். கொடுக்கலாமா?

கன்றை வெட்டினால் போதாது; வேர் இணைப்புக்குள் இருக்கும்வரை மீண்டும் துளிர்க்கும். அந்த இடத்தில் குழாயைக் கழற்றி, வேரை முழுவதும் எடுத்து, புது இணைப்புப் போட வேண்டும். கயிற்றில் தொங்கியபடி ஒரு கையால் செய்யக்கூடிய வேலை அன்று அது. சாரம் கட்ட வேண்டும், அல்லது முறையான தொங்கு மேடை வேண்டும்.

கூலியைப் பேசும் முன் அவருடைய கயிற்றைப் பாருங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்டும், இறங்கும் கயிற்றைத் தவிர உயிர்காப்புக்கென்று தனியாக இன்னொரு கயிறும் இருக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு இடங்களில் கட்டப்பட வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் கான்கிரீட் தூண் போன்றவற்றில் கட்டலாமே தவிர, ஏ.சி. தாங்கியிலும் பி.வி.சி. குழாயிலும் கைப்பிடிச் சுவரின் இரும்புக் கிராதியிலும் கட்டக்கூடாது. சன்ஷேடின் மீது இறங்கி நிற்பதையும் அனுமதிக்காதீர்கள். பழைய கட்டடங்களில் உள்ளே கம்பி துருப்பிடித்த சன்ஷேடு மேலே நன்றாகவே தோன்றும். இவை எதுவும் இல்லாமல் நான் இருபது ஆண்டாகச் செய்கிறேன் சார் என்று அவர் சிரித்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆதம்பாக்கம் வாசகர்: இரவு பெருமழையில் மாடி நிரம்பிப் படிக்கட்டு வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கத் தொடங்கினால் உடனடியாக என்ன செய்வது?

இடி கேட்டுக்கொண்டிருக்கும் வரை மாடிக்குப் போகாதீர்கள். சுவர் நனைந்து சுவிட்ச் போர்டில் ஈரம் தெரிந்தால், உலர்ந்த தரையில் நின்று மெயின் சுவிட்சை அணையுங்கள். போர்டு வரை ஈரம் வந்துவிட்டால் அதையும் தொடாமல் மின்னகத்தை அழையுங்கள். இடி ஓய்ந்த பின், ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ அணிந்து, டார்ச்சுடன் இருவராகச் செல்லுங்கள். குழாயின் வாய் எங்கே என்று காலால் துழாவ வேண்டாம், கையையும் விடவேண்டாம். அடைப்பு திடீரென்று விலகும்போது உறிஞ்சும் வேகம் கையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீண்ட கழியின் நுனியில் கொக்கிபோல் கம்பி கட்டி, பக்கத்தில் நின்று இலைகளை இழுத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரின் மீது ஏறி வெளிப்புறக் குழாயைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை அந்த இரவில் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அடைப்பு நீங்கவில்லை என்றால் படிக்கட்டு வாசலில் மணல் மூட்டையோ ஈரத் துணி சுற்றிய பலகையோ வைத்துத் தடுத்துவிட்டு விடியும் வரை காத்திருங்கள். தெருவில் தண்ணீர் வடியாமல் நின்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்யுங்கள். மறுநாள் குழாயைத் திறக்கும்போது, வளைவில் சிக்கியிருந்தது எது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த செப்டம்பரில் எந்தக் கிளையைக் கழிக்க வேண்டும் என்பதை அதுவே காட்டும்.